பத்தொன்பது வாட்

நடந்ததைத்தான் எழுதுகிறேன். இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் "எவர்ட், அன்னைக்கு எத்தனை கிளாஸ்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒன்றுகூட இல்லை. காப்பி குடித்திருந்தேன். அதுவும் காலையில் போட்ட தூளையே மறுபடி கொதிக்கவைத்த காப்பி. நான் அப்படிப்பட்ட ஆள். கற்பனை செய்தால்கூட ஏதோ செலவாகிவிடும் என்று நினைப்பவன். அதனால் என்னை நம்ப வேண்டாம். என் வீட்டுச் சுவரில் ஒரு மீட்டர் இருக்கிறது, அதை நம்புங்கள். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

பேய் என்றால் நடுநிசிக்குத்தான் வரும் என்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்வீடனின் வடக்கே, நவம்பர் கடைசியில், மதியம் இரண்டரைக்கெல்லாம் இருட்டிவிடும். எங்கள் பக்கத்துப் பேய்கள் ராத்திரிக் கண்விழிக்க வேண்டியதில்லை. மாலைக் காப்பி நேரத்துக்கே வந்துவிடலாம்.

அப்படித்தான் வந்தது.

என் வீடு ஏரிக்கரையில் ஒரு மரக்குடில். விவாகரத்துக்குப் பிறகு வாங்கினேன். விலை ஏன் அவ்வளவு குறைவு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. குறைவு என்பதே எனக்குப் போதுமான பதிலாக இருந்தது. மின்கம்பி ஏரியின் இந்தக் கரைக்கு வந்ததே இல்லை. கூரையில் இரண்டு சோலார் தகடு, தரைப்பலகைக்கு அடியில் இரண்டு பேட்டரி, சமையல் மேடைக்கு மேலே சுவரில் ஒரு இன்வெர்ட்டர், அதன் பக்கத்தில் மீட்டர். என் சாம்ராஜ்யம் அவ்வளவுதான்.

இன்வெர்ட்டருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எதையும் ஓட்டாமல் சும்மா விழித்திருந்தாலே பேட்டரியைக் குடிக்கும். அதற்காகச் சிக்கன முறை என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் பெட்டி தூங்கிவிடும். தூங்கும்போதும் இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு தரம் 'டிக்' என்று ஒரு சொட்டு மின்சாரம் அனுப்பி, யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கும். முப்பது வாட்டுக்கு மேல் யாராவது இழுத்தால் முழுசாக எழுந்துகொள்ளும். அதற்குக் கீழே என்றால் யாரும் இல்லை என்று முடிவுசெய்து மறுபடி தூங்கப் போய்விடும். அப்போது மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். சின்னச் சின்ன விளக்கெல்லாம் அதன் கணக்கில் ஆளே இல்லை.

இதை நான் விளக்கியபோது என் முன்னாள் மனைவி சொன்னாள்: "உன்னை மாதிரியே ஒரு பெட்டி."

எதிர்க்கரையில் ஒரே ஒரு வீடு. படகுத்துறைக்குப் பக்கத்தில் ஹெல்மர் என்ற கிழவர் தனியாக இருக்கிறார். எண்பதை நெருங்குகிறவர். குளிர்காலம் முழுக்கச் சமையலறை ஜன்னலில் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

என் மகள் பெயர் தூவா. இருபத்துநாலு வயது. ஊர்ப்பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நான் இந்தக் குடிலுக்கு வந்து மூன்று குளிர்காலம் ஆகியும் அவள் ஒரு தரம்கூட எட்டிப் பார்த்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். அந்த வருஷம் அவளாகவே போன் பண்ணினாள். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் ஒரு மரக்கட்டைமேல் ஏறி நின்றால்தான் எனக்கு சிக்னல் கிடைக்கும்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வரேன். முதல் அட்வென்ட்."

"இங்கயா?"

"வேற எங்க? உனக்கு இன்னொரு பங்களா இருக்கா?"

கட்டையிலிருந்து விழப் பார்த்தேன்.

"ஒண்ணே ஒண்ணுப்பா. ஜன்னல்ல விளக்கு இருக்கணும். விளக்கில்லாத ஜன்னலப் பார்த்தா வண்டியத் திருப்பிட்டுப் போயிடுவேன்."

"இருக்கும்டி."

"வாட் கணக்கு பார்த்துட்டு ஒரு மெழுகுவத்திய நட்டு வைக்காத."

"இருபத்தோரு வாட்தான். பார்த்துட்டேன்."

"பார்த்துட்டியா. கடவுளே."

"ரோடு வழியா ஏரியச் சுத்தி வா. குறுக்கால நடந்து வரலாம்னு இறங்கிடாத. பனிக்கட்டி இன்னும் சரியாப் பிடிக்கல."

"நான் என்ன பைத்தியமா?"

"உங்கம்மா பொண்ணு."

"அப்ப பைத்தியம்தான்" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

அட்வென்ட் விளக்கு எங்கள் ஊரில் எல்லா வீட்டு ஜன்னலிலும் இருக்கும். முக்கோணமாக ஒரு மரத்தாங்கி, அதன்மேல் மெழுகுவத்தி மாதிரி ஏழு குட்டி பல்பு. கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால் வரும் ஞாயிறான முதல் அட்வென்ட்டிலிருந்து விடாமல் எரியவேண்டும். ஜன்னலில் அது இல்லையென்றால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

ஞாயிறு காலையில் ஏரியில் இறங்கித் துளை போட்டுப் பார்த்தேன். கரையோரம் ஒரு சாண் கனம். நன்றாகத் தாங்கும். ஆனால் நடு ஏரியில், ஓடை வந்து சேரும் நீரோட்டத்துக்கு மேலே, காப்பித் தட்டின் கனம்தான். மேலே மெல்லிய பனி மூடியிருந்ததால் எது கனம், எது தட்டு என்று பார்த்தால் தெரியாது. அதற்கு மேல் ஒரு அடி வைக்காமல் திரும்பிவிட்டேன். படகுத்துறையிலிருந்து நேராக என் ஜன்னலைப் பார்த்து நடக்கிறவர் அந்த இடத்தைத்தான் தாண்டவேண்டும்.

மூன்று மணிக்கு விளக்கை ஜன்னலில் வைத்து பிளக்கைச் செருகினேன்.

டிக். ஏழு பல்பும் ஒன்றாகச் சிமிட்டின. அணைந்தன.

டிக். மறுபடி சிமிட்டின. அணைந்தன.

இருபத்தோரு வாட் பெட்டியை எழுப்பப் போதவில்லை. சிக்கன முறையை எடுத்துவிட்டால் விளக்கு ஒழுங்காக எரியும். ஆனால் மூன்று வாரமாக வெயிலே இல்லை. ஜெனரேட்டர் உறைந்துபோய்க் கிடந்தது. பேட்டரியில் மிச்சமிருந்தது ராத்திரித் தண்ணீர் பம்புக்கும், தூவா படுக்கிற அறையின் விளக்குக்கும்தான். அதனால் ஒரு திட்டம் போட்டேன். மரங்களுக்கு நடுவே அவள் கார் வெளிச்சம் தெரிந்ததும் பொத்தானை அழுத்திவிடலாம். அதுவரை சிமிட்டட்டும். சிமிட்டுகிற விளக்கை எங்கள் பக்கம் பெட்ரோல் பங்கில்தான் வைப்பார்கள், வீட்டில் வைத்தால் சிரிப்பார்கள். ஆனால் சிரிக்க இங்கே யார் இருக்கிறார்கள்?

குங்குமப்பூ பன்னை அடுப்புக்குமேல் சூடாக வைத்தேன். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, அறையைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

டிக்...

டிக்...

நாலு இருபதுக்கு முதல் சத்தம் கேட்டது. மீட்டரில் கடிகாரமும் உண்டு, அதனால் நேரம் தெரியும்.

சர்ர்ர்... தட்.

இரும்பு பனிக்கட்டியில் உராய்கிற சத்தம். பிறகு ஒரு உதை. இந்தப் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் அது தெரியும். சறுக்கு நாற்காலி. இரண்டு நீள இரும்புப் பட்டைமேல் ஒரு நாற்காலி. பின்னால் நின்று ஒரு காலால் உதைத்தால் ஓடும். எங்கள் ஊர்க் கிழவிகளின் சைக்கிள்.

ஹெல்மரிடம் ஒன்று இருக்கிறது. ஆனால் அவர் ஜனவரிக்கு முன்னால் ஏரியில் கால் வைக்கமாட்டார்.

எழுந்து ஜன்னலைப் பார்த்துத் திரும்பினேன். விளக்கு எரியும் நொடியில் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. அணைந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. மேகத்துக்குப் பின்னால் நிலா. சாம்பல் நிறத்தில் ஏரி.

டிக். என் முகம்.

இருட்டு. ஏரி. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

டிக். என் முகம்.

இருட்டு. புள்ளி கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டேன். வயசாகிறது, தூவாவின் கடையில் ஒரு கண்ணாடி வாங்கவேண்டும் என்றுகூட நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். அந்த உருவம் இருட்டில் அசையவே இல்லை. நான் பார்க்கும்போதெல்லாம் அப்படியே நின்றிருந்தது. விளக்கு எரியும் நொடியில், என் முகம் கண்ணாடியை மறைக்கும் அந்த நொடியில் மட்டும்தான், சத்தம் கேட்டது.

டிக். சர்ர்ர்... தட்.

இருட்டு. நின்றது.

டிக். சர்ர்ர்... தட்.

என் விளக்கு கூப்பிடக் கூப்பிட அது வந்தது.

அப்போதுதான் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று புரிந்துவிட்டது. காப்பித் தட்டுக்கு மேலே.

தூவா.

கோட்டுகூடப் போடாமல் ஓடினேன். கரையில் நின்று கத்தினேன்.

"தூவா, நில்லு. அசையாத. அப்படியே திரும்பிப் போ."



சத்தம் நின்றுவிட்டது.

டார்ச்சை ஏரிமேல் அடித்தேன். அது எட்டிய தூரம் வரை வெறும் பனி. ஆள் இல்லை. துளை இல்லை. ஒரு விரிசல்கூட இல்லை. பிறகுதான் மூளை வேலை செய்தது. தூவாவிடம் சறுக்கு நாற்காலி ஏது?

வீட்டைப் பார்த்துத் திரும்பினேன்.

விளக்கு சிமிட்டவில்லை.

ஏழு பல்பும் நிதானமாக, ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தன. விளக்குக்குப் பின்னால், ஜன்னலை ஒட்டி, ஒரு பெண் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. தலையில் முக்காடு போட்டிருந்தது மட்டும் தெரிந்தது.

எனக்கு வந்தது பயம் இல்லை. ஆனந்தம். சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வந்துவிட்டாள், நான் கரையில் கத்திக்கொண்டிருந்தபோது பின்பக்கமாக உள்ளே போய்விட்டாள், குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பாதி வழியில் ஒரு செருப்பு கழன்றுவிட்டது. மற்றதோடுதான் உள்ளே ஓடினேன்.

"வந்துட்டியாடி."

யாரும் இல்லை.

அறையைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலி, ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

உட்காரும் பலகை ஈரமாக இருந்தது. அதிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

நனைந்த கம்பளி வாசனை.

இன்வெர்ட்டர் முழுசாக விழித்து 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. மீட்டரைப் பார்த்தேன்.

நாற்பது.

விளக்கு இருபத்தொன்று. வேறு எதுவும் செருகவில்லை. பம்பு, ரேடியோ, சார்ஜர்... ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லா பிளக்கும் வெளியேதான் தொங்கின.

மீதி பத்தொன்பது வாட்டை யாரோ இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கின் பிளக்கைப் பிடுங்கினேன். பல்புகள் அணைந்தன.

முனகல் நிற்கவில்லை.

மீட்டர்: பத்தொன்பது.

முப்பதுக்குக் கீழே அந்தப் பெட்டி தூங்கிவிடவேண்டும். தூங்கவில்லை.

யாராவது இருக்கிறார்களா என்று எப்போதும் பார்க்கும் பெட்டி.

இருக்கிறார்கள் என்றது.

என் கையில் பிளக் தொங்கியது...

ஏழு பல்பும் ஒரு தரம் சிமிட்டின.

ஓடியிருக்கவேண்டும். கால் வரவில்லை. வாய் மட்டும் வந்தது. பயந்தால் உளறுவது என் பழக்கம். காலி நாற்காலியைப் பார்த்து, கடைக்காரன் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோலப் பேசினேன்.

"நான் யாரையும் கூப்பிடலைங்க. அது... சிக்கன முறை. சும்மா சிமிட்டுது. பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

இன்னொன்று.

முனகல் மெல்ல இறங்கியது.

பத்தொன்பது... பன்னிரண்டு... நாலு... பூஜ்யம்.

வெளியே, சர்ர்ர்... தட். சர்ர்ர்... தட். இந்த முறை நிற்காமல், வேகமாக. எதிர்க்கரையை நோக்கி.

மணி நாலு முப்பத்தேழு.

மேட்டுக்கு ஓடினேன். தூவாவுக்குப் போன் போகவில்லை. திரும்பி வந்து சிக்கன முறையை எடுத்துவிட்டு விளக்கைச் செருகினேன். இருபத்தொன்று. அது நின்று எரிந்தது. பேட்டரி செத்தால் சாகட்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அப்படி நினைத்தேன். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். நாற்காலி இருந்த அறைக்குள் போகவில்லை.

ஏழு மணிக்கு ஒரு டிராக்டரின் வெளிச்சம் மரங்களுக்கு நடுவே வந்தது. ஹெல்மர் ஓட்டினார். பக்கத்தில் தூவா, மடியில் ஒரு பை, உயிரோடு. நான் அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"அப்பா, மூச்சு முட்டுது. என்ன ஆச்சு உனக்கு? ஏன் ஒத்தச் செருப்புல நிக்கற?"

அவள் கோட்டின் முதுகுப்பக்கம் ஈரமாக இருந்தது.

உள்ளே வந்து பன்னைக் கடித்துக்கொண்டே சொன்னாள். காட்டு ரோட்டில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்ததாம். முதலில் திரும்பிப் படகுத்துறைக்கு வந்திருக்கிறாள்; மரத்தை ஹெல்மர் டிராக்டரால் இழுத்து ஒதுக்கியது பிறகுதான்.

"நேரா எதிர்ல உன் விளக்கு. சிமிட்டிக்கிட்டு. வா வான்னு கூப்பிடற மாதிரியே இருந்துச்சுப்பா. ஹெல்மர் வீட்டுக் கதவத் தட்டணும்னுகூடத் தோணல."

"ஏரியில இறங்கினியா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"பாதி."

ஹெல்மர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப திடீர்னு உன் விளக்கு அணைஞ்சு போச்சு. எந்தப் பக்கம் போறதுன்னு நின்னுட்டேன். எதிர்ல இருந்து ஒரு அம்மா சறுக்கு நாற்காலியில வந்தாங்க. முக்காடு, பெரிய கம்பளிக் கையுறை. அது உறைஞ்சு மரக்கட்டை மாதிரி ஆயிருந்துச்சு. கைப்பிடியில டக் டக்குன்னு சத்தம் வருது. 'உக்காரு, கரையில விடறேன்'னாங்க. நான் சொன்னேன், எங்கப்பா வீடு அதோ இருக்கு, விளக்கு போட்டுக் கூப்பிடறாருன்னு."

"அதுக்கு?"

"'அந்த வீட்டுக்காரர் யாரையும் கூப்பிடலையாம். விளக்கு சும்மா சிமிட்டுது. பேட்டரி மிச்சம் பிடிக்கிறாராம். தப்பா நினைச்சுக்காத'ன்னாங்க." தூவா வாய்விட்டுச் சிரித்தாள். "உன் கஞ்சத்தனம் ஏரி பூரா தெரிஞ்சிருக்கு பாரு."

என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த வார்த்தைகளை நான் ஒரு காலி நாற்காலியிடம்தான் சொல்லியிருந்தேன்.

"காப்பி சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டேன். 'இப்பதான் போய்ப் பார்த்துட்டு வரேன். அங்க அவர் இல்ல'ன்னாங்க. யாரப்பா அது? யாரைத் தேடினாங்க?" அவள் சிரிப்பு அடங்கியது. "ஒண்ணு மட்டும்... எனக்கு மூச்சு விட்டா ஆவி வந்துச்சு. அவங்க அவ்வளவு பேசினாங்க. அவங்க வாயில வரல."

ஹெல்மர் ஜன்னல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் பூரா அது சிமிட்டிச்சா, எவர்ட்?"

"ஆமாம். சின்ன லோடு. இன்வெர்ட்டர் பிடிக்கல."

"இந்தப் பக்கத்துல ரோடு இல்லாத காலத்துல ஒரு வழக்கம் இருந்துச்சு" என்றார். "துறையில நிக்கறவங்களுக்கு இங்கருந்து விளக்கு காட்டுவாங்க. நின்னு எரிஞ்சா, ஏரி தாங்காது, அங்கயே இரு. சிமிட்டினா, தாங்கும், நேரா வா. ஜன்னலுக்கு முன்னாடி ஒரு துணியத் தூக்கித் தூக்கி இறக்குவாங்க. உனக்கு யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லல."

"இந்த இடத்துல மான்ஃப்ரெட்னு ஒருத்தன் இருந்தான். பொண்டாட்டி பேரு எட்லா. ஒரு முதல் அட்வென்ட் அன்னைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்து எங்க வீட்டு அடுப்படியிலதான் உக்காந்திருந்தா, அவன் விளக்குக்காக. மான்ஃப்ரெட்டு அவளுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு லாரி பேட்டரி ஒண்ணு கொண்டாந்து, ஏரியிலயே முதல் மின்சார விளக்க ஜன்னல்ல வச்சான். பழைய பேட்டரி. ஒயரும் லூசு. அது பாட்டுக்குச் சிமிட்டிச்சு. அவன் உள்ள ஒயரப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு இருக்கான். இங்க எங்கம்மா பார்த்துட்டா. 'அதோ, கூப்பிடறான் பாரு, கிளம்பு'ன்னு எட்லாவ எழுப்பி விட்டதே எங்கம்மாதான். நான் அப்ப தொட்டில்ல. சாகற வரைக்கும் எங்கம்மா இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தா. அட்வென்ட்டு வந்தா ஜன்னல விட்டு நகராதடான்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா."

"எட்லா கிடைச்சாங்களா?" என்று தூவா கேட்டாள். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"வசந்தத்துல சறுக்கு நாற்காலி கரை ஒதுங்கிச்சு. அவ இன்னைக்கு வரைக்கும் ஒதுங்கல."

அவரை வழியனுப்ப டிராக்டர் வரைக்கும் போனேன். ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பொண்ணு முன்னாடி சொல்லல. அவ ஏரியில இறங்கினத நான் ஜன்னல்லருந்து பார்த்துட்டேன். பூட்ஸ மாட்டிக்கிட்டு வெளிய ஓடியாந்தேன். அதுக்குள்ள திரும்பி வந்துக்கிட்டு இருந்தா."

"சறுக்கு நாற்காலியிலதானே?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"நாற்காலி எதையும் நான் பார்க்கல, எவர்ட். யாரும் தள்ளல. உன் பொண்ணு காலை மடக்கி உக்காந்த மாதிரி, பனிக்கு மேல ஒரு முழம் உசரத்துல, தானா வந்தா. யார் கூடவோ பேசிச் சிரிச்சுக்கிட்டே வந்தா."

மறுநாள் வெளிச்சம் வந்ததும் தனியாகக் கரைக்குப் போனேன். பைனாகுலரில் பார்த்தேன். படகுத்துறையிலிருந்து தூவாவின் பூட்ஸ் தடம் நடு ஏரி வரை வந்திருந்தது. அங்கே முடிந்தது. திரும்பிப் போன பூட்ஸ் தடம் இல்லை. இரண்டு நீள இரும்புக் கோடுகள் மட்டும் துறைக்குப் போயின. அவள் கடைசி அடிக்கும், மேலே புதிதாக மெல்லிய பனித்தோல் கட்டியிருந்த ஒரு கறுப்புத் தண்ணீருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற தூரம்தான் இருந்தது. அந்தக் கறுப்பிலிருந்துதான் இன்னொரு ஜோடிக் கோடு கிளம்பி என் ஜன்னலடி வரை வந்திருந்தது. அது எந்தக் கரையிலிருந்தும் புறப்படவில்லை.

அதற்குப் பிறகு தூவா ஒவ்வொரு முதல் அட்வென்ட்டுக்கும் வருகிறாள். பகலிலேயே, ரோடு வழியாக. ஹெல்மர் கடைசியில் சொன்னதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். புதுப் பேட்டரி இரண்டு வாங்கிவிட்டேன். டிசம்பர் முழுக்க இன்வெர்ட்டரைச் சிக்கன முறையில் போடுவதே இல்லை. விளக்கு சிமிட்டாமல் நின்று எரிகிறது. மீட்டரில் இருபத்தொன்று.

நாலு இருபது வரைக்கும்.

பிறகு நாற்பது. ஒவ்வொரு வருஷமும், அந்த ஒரு நாள் மட்டும், கொஞ்ச நேரத்துக்கு. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ ஏதோ ஓட்டறாங்க" என்றார்.

நான் தேடுவதில்லை. அன்றைக்கு மதியமே நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, அதன் அடியில் ஒரு பழைய துண்டை விரித்துவிடுகிறேன்.

சாயங்காலம் அதை எடுத்துப் பிழிந்து காயப்போடுகிறேன்.